நடைச்சீட்டில் இல்லாத ஒரு வரி

தாம்பரம் பகுதியின் சிட்லபாக்கத்தில் இன்று கட்டட வேலை நடக்காத தெரு அரிது. பழைய வீட்டை இடித்துவிட்டு நான்கு ஃப்ளாட் எழுப்பும் ஒரு மனையின் முன் டிப்பர் லாரி வந்து முதுகைத் தூக்குகிறது. நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில் முக்கால் ஜல்லி தெருவோரம் சரிந்து குவிகிறது. மேஸ்திரி ஒரு பிடி அள்ளி, தூசி எவ்வளவு என்று பார்க்கிறார். வீட்டுக்காரர் யூனிட் கணக்கைச் சரிபார்க்கிறார். எந்தக் குவாரி, எத்தனை டன், எந்த வண்டி, எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று சொல்லும் நடைச்சீட்டை ஓட்டுநர் பத்திரமாக வைத்திருக்கிறார், வழியில் மடக்கினால் காட்ட வேண்டுமே. கல்லைப் பற்றிக் கேட்க வேண்டிய எல்லாமே கேட்டாகிவிட்டது, ஒன்றைத் தவிர. இந்தக் கல் உடைந்து வந்த இடத்தில், வேலையாட்களின் தலைக்கு மேல் நிற்கும் பாறைச் சுவர் உறுதியாக இருக்கிறதா என்று கடைசியாக எப்போது, யார் பார்த்தார்கள்? இதற்கு மேஸ்திரியிடமும் வீட்டுக்காரரிடமும் பதில் இல்லை. நடைச்சீட்டிலும் இல்லை.

குவாரியில் பாறை சரிந்து ஆட்கள் சாகும்போதெல்லாம் நம்மிடையே ஒரே பேச்சுத்தான் எழுகிறது. முதலாளி கல்லை விற்றுக் கோடி கோடியாகச் சம்பாதிக்கிறார், பாதுகாப்பும் அவர் செலவுதான். அதற்கு எதற்கு மக்களின் வரிப்பணம்? கூடுதலாக ஆய்வாளர்களை நியமித்தால் மாமூல் வாங்கும் கைகள்தான் கூடும். விபத்து நடந்துவிட்டால் இருக்கவே இருக்கிறது பேரிடர் மீட்புப் படை. தவறு செய்தவரைப் பிடித்து உள்ளே தள்ளினால் மற்றவர்கள் தானாகத் திருந்துவார்கள். குவாரி முதலாளிகளை வெறுப்பவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், அவர்களுக்கு வேண்டியவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். எதிரெதிரான இரு தரப்பும் ஒரே முடிவுக்கு வந்து நிற்பதால் இது பொதுப்புத்தி போலத் தோன்றுகிறது. ஆனால் இதன் ஒவ்வொரு படியும் தவறு. சுரங்க ஆய்வும் அவசர மீட்பும் அரசுப் பணத்தில், அரசு ஆட்களால், விபத்துக்கு முன்பே நடக்க வேண்டியவை. அதற்கான பணத்தைப் புதிதாகத் தேடவும் வேண்டியதில்லை. அது அதே பாறையிலிருந்து ஏற்கெனவே வசூலாகிக்கொண்டிருக்கிறது.

2022 மே 14 இரவு, திருநெல்வேலி மாவட்டம் முன்னீர்பள்ளம் அருகே அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் என்ன நடந்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சுமார் 300 அடி ஆழக் குழி. நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் ராட்சதப் பாறைகள் சரிந்தன. அடியில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் சிக்கினார்கள். இரண்டு பேரை உயிரோடு மீட்டார்கள். மூன்றாவதாக ஒருவரைப் பல மணி நேரப் போராட்டத்துக்குப் பின் உயிரோடு வெளியே எடுத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. தேசியப் பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்திலிருந்து வந்து சேர்ந்தது. அங்கிருந்து நெல்லைக்கு அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். வந்த பிறகும் பாறை மீண்டும் மீண்டும் சரிந்ததால் பணியை நிறுத்தி நிறுத்தித்தான் தொடர முடிந்தது. கடைசி உடலை எடுக்க எட்டாவது நாள் ஆகிவிட்டது. நான்கு பேர் போனார்கள். அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கைது, அதிகாரி பணியிடை நீக்கம், மாவட்டத்தின் மற்றக் குவாரிகளில் சிறப்புக் குழுக்களின் சோதனை. அந்தச் சோதனையில் கண்டதுதான் இந்தக் கட்டுரைக்கு முதல் சான்று. இயங்கிக்கொண்டிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட குவாரிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் விதிமீறல் இருந்தது.

இதற்கு என்ன பொருள்? ஒரு முதலாளி கெட்டவர், மற்றவர்கள் நல்லவர்கள் என்றால் தண்டனை போதும். ஒரு மாவட்டம் முழுக்க விதி மீறப்பட்டிருக்கிறது என்றால், பார்க்க ஆளே இல்லாத இடத்தில் விதி வெறும் காகிதமாகிவிட்டது என்று பொருள். அந்த மீறல்களைக் கண்டுபிடிக்க எந்த ரகசிய விசாரணையும் தேவைப்படவில்லை. சில குழுக்கள் குவாரிக்குள் இறங்கிப் பார்த்தன, அவ்வளவுதான். மே 15-க்குப் பிறகு பார்க்க முடிந்ததை ஏப்ரலில் பார்த்திருக்க முடியாதா? ஆட்களை ஒன்றுகூட்டி, வண்டி கொடுத்து, இறங்கிப் பாருங்கள் என்று சொல்ல நான்கு உயிர்கள் போக வேண்டியிருந்தது. தண்டனையை மட்டும் நம்பும் வாதத்தின் அடிப்படைக் கோளாறு இதுதான். அதன் கடிகாரம் சாவிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.

குவாரி விபத்து இடி விழுவது போல எங்கிருந்தோ வருவதல்ல. பாறையைப் படிப்படியாக வெட்டி இறங்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. கடினப் பாறையிலும் ஒரு படியின் உயரம் ஆறு மீட்டரைத் தாண்டக் கூடாது, தாண்டுவதானால் தனி அனுமதி வேண்டும் என்பது 1961-ஆம் ஆண்டுச் சுரங்க விதிகளின் அடிப்படை. படிக்குப் போதிய அகலம் இருந்தால், மேலே உடையும் கல் அந்தப் படியிலேயே தங்கிவிடும், கீழே நிற்பவர் தலைக்கு வராது. ஆனால் படி விட்டால் அந்த அகலத்துக்குக் கீழே இருக்கும் கல் எடுபடாமல் போகிறது. அதனால் படியைத் தின்றுகொண்டே போகிறார்கள். கடைசியில் குழியின் பக்கவாட்டு, கோயில் மதில் போல நெட்டுக்குத்தாக நிற்கிறது. மழை பெய்கிறது, பாறையின் இணைப்புக் கோடுகளில் நீர் இறங்குகிறது, அடுத்த வெடியின் அதிர்வில் அந்தக் கோடு விரிகிறது. பழகிய கை கடப்பாரையால் பாறையைத் தட்டினால் தெரிந்துவிடும். கணீரென்று ஒலித்தால் பாறை கட்டுறுதியாக இருக்கிறது, பொத்தென்று ஒலித்தால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. இந்த அறிவு புதிதல்ல, விலை கூடியதும் அல்ல. தட்டிப் பார்க்கவும், பொத்தென்று ஒலித்தால் வேலையை நிறுத்தவும் அதிகாரம் உள்ள ஒருவர் அங்கே போக வேண்டும். அந்த ஒருவருக்குச் சம்பளம் வேண்டும்.

அவர் யார் என்பதில்தான் நம் அமைப்பின் பெரிய ஓட்டை இருக்கிறது. கருங்கல் சிறுகனிமம். அதைக் குத்தகைக்கு விடுவதும், எடுக்கும் கல்லுக்குச் சீனியரேஜ் கட்டணம் வசூலிப்பதும், நடைச்சீட்டு கொடுப்பதும் மாநில அரசின் வேலை. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் அதற்கானவை. ஆனால் சுரங்கத் தொழிலாளரின் பாதுகாப்பு அரசமைப்புச் சட்டத்தில் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டியது தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம். 1902-இல் கொல்கத்தாவில் தொடங்கிய அமைப்பு அது. நிலக்கரி, இரும்பு, மைக்கா, எண்ணெய்க் கிணறு என நாடு முழுவதையும் அது பார்க்க வேண்டும். 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், ஆறு மீட்டருக்கு மேல் ஆழம் போகாத, ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யாத, வெடி வைக்காத கல்குவாரிகளுக்கு விலக்கு அளித்தது. ஆனால் வெடி வைக்காமல் எந்தக் கருங்கல் குவாரி ஓடுகிறது? ஆக, நம் ஊர்க் குவாரிகள் எல்லாம் சட்டப்படி அந்த இயக்குநரகத்தின் கண்ணுக்குக் கீழே வருகின்றன. நடைமுறையில் கல்லின் கன அளவை அளக்க மாவட்டத்தில் ஆள் இருக்கிறது, பாறையின் நிலையைப் பார்க்க மாவட்டத்தில் ஆள் இல்லை. வருமானம் ஓர் அரசுக்கு, பொறுப்பு வேறோர் அரசுக்கு. இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளியில்தான் தொழிலாளி நிற்கிறார்.

இது மத்திய அரசின் வேலை, மாநிலம் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே 1952 சட்டம், மத்திய அரசின் ஆணைகளுக்கு உட்பட்டு, சுரங்க ஆய்வாளரின் அதிகாரங்களை மாவட்ட ஆட்சியரும் செலுத்தலாம் என்று சொன்னது. ஆபத்தான வேலையை நிறுத்தச் சொல்லும் தடை அதிகாரத்தை மட்டும் அது ஆட்சியருக்குக் கொடுக்கவில்லை. ஆனால் குத்தகை ஆட்சியர் கையில் இருக்கிறது. குத்தகையை நிறுத்துவதைவிடப் பெரிய தடை எது? குத்தகை கொடுப்பவர், அதை ரத்து செய்யக்கூடியவர், ஆய்வாளராகவும் செயல்படக்கூடியவர் என மூன்றுமாக ஒரே மாவட்ட நிர்வாகம் இருந்தும் பார்க்கவில்லை என்றால், குறை அதிகாரத்தில் இல்லை. ஆட்சியர் தானே இறங்கிப் பாறையைத் தட்ட முடியாது. அவருக்குச் சுரங்கப் பொறியாளரும் நிலவியலாளரும் வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, பழைய சுரங்கச் சட்டத்தின் இடத்தில் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. பெயரும் படிவமும் மாறியிருக்கலாம். குழிக்குள் இறங்க ஆள் இருக்கிறாரா என்ற கேள்வி மாறவில்லை.

பணம் எங்கே என்று கேட்கலாம். 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கனிம உரிமைக்கு வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் தமிழ்நாடு கனிமவள நிலவரிச் சட்டத்தை இயற்றியது. 2025 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தபோது கருங்கல்லுக்கு டன்னுக்கு 90 ரூபாய் வரி. குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கட்டட வேலைகள் நின்றன. பேச்சுவார்த்தை நடந்தது, சீனியரேஜ் கட்டணம் டன்னுக்கு 33 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அந்த நாட்களின் வாக்குவாதம் முழுக்க டன்னைச் சுற்றியே நடந்தது. அடுத்த மாதமே, மே 20 அன்று, சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரி அருகே மல்லாக்கோட்டை குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் இறந்தார்கள். ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்தவரும் அவர்களில் ஒருவர். குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. நிவாரணம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இறந்த பின் கொடுக்கும் பணமும் அரசுப் பணம்தானே? பாதுகாப்புக்கு மக்கள் பணத்தைத் தொடாதே என்பவர்கள், சாவுக்கு மக்கள் பணம் போவதை ஏன் கேள்வி கேட்பதில்லை? அரசு செலவழிக்கப் போவது உறுதி. பாறை சரிவதற்கு முன்பா, பின்பா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது, பாதுகாப்பு முதலாளியின் செலவு என்பது. படி வெட்டுவது, தலைக்கவசம் தருவது, சான்றிதழ் பெற்ற மேட், போர்மேன், வெடிகாரர் ஆகியோரை வேலைக்கு வைப்பது எல்லாம் முதலாளியின் செலவுதான். அதில் ஒரு ரூபாயும் அரசு கொடுக்கக் கூடாது. ஆனால் அவர் அதைச் செய்தாரா என்று பார்க்கும் ஆளுக்கும் அவரே சம்பளம் கொடுத்தால் என்ன ஆகும்? இன்று குவாரியின் சுரங்கத் திட்டத்தைத் தயாரிப்பவர், குத்தகைதாரரிடம் கட்டணம் வாங்கும் தகுதி பெற்ற ஒருவர். காகிதத்தில் ஐந்து மீட்டர் உயரம், ஐந்து மீட்டர் அகலம் என்று படிகள் அழகாக வரையப்பட்டிருக்கின்றன. குழியில் அந்தப் படிகள் இருக்கின்றனவா என்று பார்க்க அவர் திரும்பி வரப்போவதில்லை, வந்தாலும் கூலி கொடுப்பவரைக் காட்டிக்கொடுப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இந்தக் கேள்விக்கு உலகம் விடை கண்டு நூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தனிச்சொத்தைக் கடவுளாகக் கருதிய 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனிலேயே, நிலக்கரிச் சுரங்கங்களில் அடுக்கடுக்காக நேர்ந்த வெடிப்புகளுக்குப் பிறகு 1850-இல் சட்டம் போட்டு அரசுச் செலவில் ஆய்வாளர்களை நியமித்தார்கள். பணம் முதலாளியிடமிருந்தே வரட்டும், அதில் பிழையில்லை. ஆனால் அது வரியாக வந்து, அரசின் கை வழியாக, ஆய்வாளருக்குச் சம்பளமாகப் போக வேண்டும். இடையில் இருக்கும் அந்தக் கைமாற்றம்தான் ஆய்வுக்கு முதுகெலும்பு.

இரண்டாவது மறுப்பு லஞ்சம். இதைச் சொல்பவர்களின் கசப்பு பொய்யல்ல. அரசு அலுவலகப் படி ஏறியவர்கள் அனைவரும் அறிந்தது. ஆனால் லஞ்சம் எந்தச் சூழலில் விளைகிறது? ஒரே ஆள், பெரிய பரப்பு, எப்போதாவது ஒரு முறை வருகை, எழுதியது வெளியே தெரியாத அறிக்கை என்ற சூழலில்தான். ஆளைக் குறைத்தால் அந்தச் சூழல் இன்னும் கெட்டியாகிறது, கையெழுத்தின் விலை ஏறுகிறது. அமெரிக்காவில் 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்குவாரி உட்பட ஒவ்வொரு திறந்தவெளிச் சுரங்கத்தையும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது, நிலத்தடிச் சுரங்கத்தை நான்கு முறையாவது அரசு ஆய்வாளர்கள் முழுமையாகப் பார்த்தாக வேண்டும். முன்கூட்டித் தகவல் சொல்லக் கூடாது. கண்ட குறைகள் சுரங்கத்தின் பெயரோடு யாரும் படிக்கும்படி இணையத்தில் வருகின்றன. அந்தச் சட்டம் வந்த 1977-இல் அங்கே சுரங்கங்களில் இறந்தவர்கள் 273 பேர், 2020-இல் 29 பேர். இயந்திரங்கள் பெருகியதும் ஆட்கள் குறைந்ததும் இதற்கு ஒரு காரணம்தான். முழுப் புகழையும் ஆய்வுக்குக் கொடுக்க முடியாது. அதனால்தான் இன்னொரு சான்றும் வேண்டும். கலிஃபோர்னியாவில் குலுக்கல் முறையில் தேர்ந்து ஆய்வு செய்த நிறுவனங்களையும் செய்யாதவற்றையும் ஒப்பிட்டு 2012-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு, ஆய்வு நடந்த இடங்களில் காயங்கள் 9.4 சதவீதம் குறைந்ததையும், காயங்களுக்கான செலவு 26 சதவீதம் குறைந்ததையும், வேலைவாய்ப்பு பாதிக்கப்பட்டதற்கு அடையாளம் இல்லை என்பதையும் காட்டியது. அவை சுரங்கங்கள் அல்ல, ஆனால் கேள்வி ஒன்றுதான்: அரசு ஆய்வாளர் வந்துபோவதால் மனிதர்கள் அடிபடுவது குறைகிறதா? குறைகிறது. ஆகவே லஞ்சத்துக்கு மருந்து ஆய்வை ஒழிப்பதல்ல. இருவராகப் போகட்டும், எந்தக் குவாரி என்பதைக் குலுக்கல் முடிவு செய்யட்டும், அறிக்கையும் படங்களும் ஒரு வாரத்தில் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் இணையத்திலும் வரட்டும்.

மூன்றாவது மறுப்பு நாகரிகமான உடையில் வருகிறது. இனி ஆளே வேண்டாம், டிரோன் பறக்கவிட்டால் போதும், உரிமையாளர் தானே உறுதிமொழிச் சான்று கொடுத்தால் போதும் என்பது அது. டிரோன் நல்ல கருவி. எவ்வளவு கல் எடுத்தார்கள் என்று அது துல்லியமாகச் சொல்லும், சுவர் செங்குத்தாக நிற்பதையும் காட்டும். ஆனால் விரிசலுக்குள் ஊறும் ஈரம் அதற்குத் தெரியாது. வெடி வைத்தவருக்குச் சான்றிதழ் இருக்கிறதா, வெடிக்காமல் தங்கிவிட்ட தோட்டாவைப் பார்க்காமல் அதன் பக்கத்தில் துளை போடுகிறார்களா, நேற்று மழை பெய்தும் இன்று ஏன் ஆட்களைச் சுவரடியில் இறக்கினார்கள் என்று தொழிலாளியைத் தனியே அழைத்துக் கேட்க அதனால் முடியாது. உறுதிமொழிச் சான்றோ இன்னும் மோசம். நெல்லையில் விதி மீறிய குவாரிகளிலும் காகிதங்கள் இருந்திருக்கும். காகிதத்துக்கும் குழிக்கும் உள்ள தூரத்தை அளக்கத்தான் ஆய்வு. காகிதத்தையே ஆய்வாக வைத்துக்கொண்டால் அந்தத் தூரத்தை அளக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

நான்காவது மறுப்பு, மீட்புப் படை இருக்கிறதே என்பது. தாம்பரம் பகுதி மக்களுக்கு இந்த நம்பிக்கை வரக் காரணம் உண்டு. 2014 ஜூன் 28 அன்று போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். ஆனால் அரக்கோணம் பக்கத்தில் இருந்ததால் மீட்புப் படை விரைவில் வந்தது, இடிபாட்டிலிருந்து 27 பேர் உயிரோடு வெளியே வந்தார்கள். தூரம் குறைவு, இடிபாட்டில் வேலை செய்யும் பயிற்சியும் அவர்களிடம் இருந்தது. குவாரியில் இரண்டுமே கைகொடுப்பதில்லை. தூரம் நெல்லைவரை நீள்கிறது. சரிந்த கட்டடம் அசையாமல் கிடப்பது போல சரிந்த பாறை கிடப்பதில்லை, மேலே இருப்பது எப்போது இறங்கும் என்று தெரியாது. மீட்பவரின் உயிரைக் காக்கச் சரிவின் அசைவைக் கண்காணிக்கும் ராடார் வேண்டும், பாறையின் போக்கைப் படிக்கும் நிலவியலாளர் வேண்டும், நூறு டன் கல்லை அதிராமல் உடைக்கும் வழி வேண்டும். சுரங்க மீட்புக்கென்று 1985-இல் எழுதப்பட்ட விதிகள் நிலத்தடிச் சுரங்கங்களுக்கானவை. திறந்த குவாரியில் சிக்கியவருக்கு அப்படி ஒரு நிலையம் காத்திருக்கவில்லை. மேகாலயாவின் க்சானில் 2018 டிசம்பர் 13 அன்று எலிவளைச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து பதினைந்து பேராவது சிக்கியபோது, ஆள் போயும் சக்திவாய்ந்த பம்புகள் வந்து சேர இரண்டு வாரத்துக்கும் மேல் ஆனது. யாரும் உயிரோடு திரும்பவில்லை. 1989 நவம்பரில் ராணிகஞ்சின் மகாவீர் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது நடந்தது வேறு. பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில்லும் சகாக்களும் மேலிருந்து துளையிட்டு, ஓர் இரும்புக் கூண்டை இறக்கி, 65 பேரை ஒவ்வொருவராக மேலே கொண்டுவந்தார்கள். அவர்களின் துணிவு பெரியது. ஆனால் அந்தத் துணிவுக்குக் கைகொடுக்கத் துளையிடும் இயந்திரமும், வரைபடமும், பாறையை அறிந்த பொறியாளர்களும் அருகிலேயே இருந்தார்கள். அப்படி அருகில் இருக்க வைப்பதற்குப் பெயர்தான் நிதி ஒதுக்கீடு.

கடைசி மறுப்பு, இவ்வளவுக்கும் செலவு தாங்குமா என்பது. கணக்குப் போட்டே பார்க்கலாம். கட்டடப் பொறியாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்குப்படி 1,000 சதுர அடி வீட்டுக்குப் பதின்மூன்று, பதினான்கு யூனிட் ஜல்லியும், கல்லை அரைத்து எடுக்கும் மணல் பதினெட்டு யூனிட்டும் ஆகும். யூனிட் என்பது 100 கன அடி. ஒரு யூனிட் ஏறத்தாழ நாலரை, ஐந்து டன் எடை வரும். ஆக ஒரு வீட்டுக்கு 150 டன் கல் என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கு 90 ரூபாய் வரியில் வெறும் 5 ரூபாயை ஆய்வுக்கும் மீட்புக்கும் என்று தனியே எடுத்து வைத்தால் அந்த வீட்டின் பங்கு 750 ரூபாய். வீட்டு வாசலில் வைக்கும் ஒரு விளக்கின் விலை. புதிய வரிகூட அல்ல, இருக்கும் வரிக்குள்ளேயே ஒரு பங்கு. அப்படித் தனியே ஒதுக்குவது நிதி நிர்வாக மரபுக்கு ஒவ்வாது என்றும் சொல்ல முடியாது. 2015-இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை உருவாக்கியபோது, கனிம வருவாயின் ஒரு பகுதி சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கே போக வேண்டும் என்ற கொள்கையை நாடு ஏற்றுக்கொண்டுவிட்டது. குடிநீருக்கும் பள்ளிக்கும் அந்த நிதி போகிறது, போகட்டும். சுரங்கத்தால் எல்லாரையும்விட முதலில் பாதிக்கப்படுபவர் அதற்குள் நிற்பவர் என்பதையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

இதெல்லாம் நெல்லைக்கும் சிவகங்கைக்கும் உள்ள சிக்கல், சிட்லபாக்கத்துக்கு என்ன என்று கேட்பவர்கள் பல்லாவரம், திரிசூலம் மலைகளை ஒரு முறை நிமிர்ந்து பார்க்க வேண்டும். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியத் தொல்லியலைத் தொடங்கிவைத்த கற்கருவியைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில். சார்னக்கைட் என்று உலகம் முழுதும் நிலவியல் மாணவர்கள் படிக்கும் பாறைக்கு நம் பக்கத்துக் குன்றுகள்தான் இலக்கணம். சென்னையின் சாலைகளும் சுவர்களும் இந்தக் குன்றுகளை வெட்டி எழுந்தவை. வீடுகள் நெருங்கி வர வர வெடிச்சத்தம் தெற்கேயும் மேற்கேயும் நகர்ந்தது, உத்திரமேரூர், மதுராந்தகம் பக்கம் போனது. கல் தேவை குறையவில்லை, ஆபத்துதான் நம் கண்ணிலிருந்து மறைந்தது. 2021 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் மதூர் குவாரியில் மண்ணும் பாறையும் சரிந்து உயிர் போனபோது அது நமக்குத் தூரத்துச் செய்தி. போன குவாரிகள் விட்டுச்சென்ற பள்ளங்களோ நம்மோடுதான் இருக்கின்றன. 2017 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரிக் குட்டைகளின் நீரைச் செம்பரம்பாக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரித்துச் சென்னை குடித்தது. அதே போன்ற குட்டைகளில், கோடை விடுமுறையில் குளிக்க இறங்கிய பிள்ளைகள் மூழ்கிய செய்தி ஆண்டு தவறாமல் வருகிறது. மேலே பார்த்தால் அமைதியான நீர், ஓர் அடி எடுத்து வைத்தால் காலுக்குக் கீழே எண்பது, நூறு அடி. படி இல்லாமல் வெட்டிய சுவர் தொழிலாளியை மேலிருந்து கொல்கிறது, குவாரி மூடிய பிறகு பிள்ளைகளைக் கீழிருந்து கொல்கிறது. இரண்டும் ஒரே சுவர், பார்க்காமல் விட்ட ஒரே குற்றம்.

2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியில் ஒவ்வொரு புதுக் கட்டடத்துக்கும் அனுமதி கேட்கிறார்கள், வரைபடம் கேட்கிறார்கள், மழைநீர் சேகரிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எல்லாம் சரியான கேள்விகள். மழைநீர்த் தொட்டியைக் கட்டாயமாக்கியபோதும் இதெல்லாம் நடக்குமா என்றவர்கள் உண்டு, நடந்தது. கல்லைப் பற்றியும் ஒரு கேள்வியைச் சேர்க்கலாம். அதற்கு முன் மூன்று ஏற்பாடுகள் வேண்டும். காஞ்சிபுரம்–செங்கல்பட்டு, கரூர்–நாமக்கல், விருதுநகர்–நெல்லை என்று குவாரிகள் மிகுந்த வட்டாரங்களில் தீயணைப்புத் துறையோடு இணைந்த பாறை மீட்புக் குழு ஒவ்வொன்று. மாவட்டக் கனிமவள அலுவலகத்தில் அளவுக்கு மட்டுமல்லாமல் பாதுகாப்புக்கும் பொறுப்பான பொறியாளர்கள். ஆண்டுக்கு இரண்டு முறையாவது, அறிவிக்காமல், ஒவ்வொரு குழிக்குள்ளும் இறங்கும் ஆய்வு. மத்திய இயக்குநரகத்தோடு உடன்பாடு செய்து மாநில அரசு இதைத் தன் பணத்தில் தொடங்கலாம். யார் வேலை என்று தில்லியும் சென்னையும் எழுதிக்கொள்ளும் கடிதங்களுக்காகக் குழிக்குள் நிற்பவர் காத்திருக்க முடியாது.

அப்போது நடைச்சீட்டில் ஒரு வரி கூடும். குவாரியின் பெயர், டன், வண்டி எண், நேரம், இவற்றின் கீழே: பாறைச் சுவர் கடைசியாக ஆய்வு செய்யப்பட்ட நாள். அந்த நாள் ஆறு மாதத்துக்கு முந்தையது என்றால் சீட்டு அச்சாகக் கூடாது, வண்டி குவாரியை விட்டு நகரக் கூடாது. ஒரு டன் கல் கணக்கில் வராமல் வெளியே போகக் கூடாது என்பதற்காக இத்தனை கட்டுப்பாட்டை உருவாக்கத் தெரிந்த அரசுக்கு, இந்த ஒரு வரியைச் சேர்ப்பது முடியாத காரியமல்ல. சிட்லபாக்கத் தெருவில் ஜல்லியை இறக்கும் ஓட்டுநரிடம் சீட்டை வாங்கிப் பார்க்கும் வீட்டுக்காரர், தன் வீட்டுக்கு அடித்தளமாகப் போகும் கல்லை உடைத்தவர் மாலையில் தன் வீட்டுக்குத் திரும்ப வழி செய்திருக்கிறார்களா என்று அந்த வரியில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். டன்னுக்கு வரி வாங்கும் அரசு, குழிக்குள் நிற்பவருக்கு அந்த ஒரு வரியைக் கடன்பட்டிருக்கிறது.